கொரியத் தொடர் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: எதில் தொடங்குவது, எதைக் காதில் வாங்குவது

என் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நான் ‘ரிப்ளை 1988’ என்ற கொரியத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். திரையை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொடரில் ஒரு பெண் “அப்பா!” என்று கூப்பிட்டாள். அம்மாவின் கை நின்றது. “இப்ப அவ அப்பான்னுதானே கூப்பிட்டா?” என்று கேட்டார். ஆமாம், கொரிய மொழியிலும் அப்பாவுக்கு அப்பாதான் என்றேன். அதன் பிறகு இருபது எபிசோடுகளையும் அவர் என்னோடு உட்கார்ந்து பார்த்து முடித்தார். நான் சப்டைட்டிலைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் யார் யாரிடம் முறைப்பாக இருக்கிறார்கள், யார் யாரை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாதி நேரம் நான் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

அவர் எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று பிறகு யோசித்தபோது, ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் என்று புரிந்தது. கொரியத் தொடர்களைப் புதிதாகப் பார்க்க விரும்பும் தமிழர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி அதுதான். கீழே வரும் படிகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தவை. எதில் தொடங்கலாம் என்று கேட்பவரிடம் பத்துப் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கிவிடுவதும், அவர் அதில் ஒன்றைத் தொட்டு மூன்றாவது எபிசோடில் கைவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. தொடர் நன்றாக இருந்தும் தொடங்கிய விதம் சரியில்லாததால் கைவிட்டவர்கள் என்னைச் சுற்றியே நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

முதற்படி: இந்த வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம்முடைய தொலைக்காட்சிகளில் வரும் நெடுந்தொடர் நூற்றுக்கணக்கான எபிசோடுகளுக்கு ஓடும். முடியும்போது அது எங்கே தொடங்கியது என்பது பார்ப்பவருக்கு மறந்திருக்கும். அமெரிக்கத் தொடர்களோ சீசன் சீசனாக வரும். அடுத்த சீசன் வருமா, வராதா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. நான் இங்கே பேசுகின்ற கொரியத் தொடர்கள் இந்த இரண்டிலும் சேராதவை. பெரும்பாலும் பதினாறு எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மேல். கதை தொடங்கி, வளர்ந்து, அங்கேயே முடிந்துவிடும். கொரியத் தொலைக்காட்சிகளில் வாரத்துக்கு இரண்டு எபிசோடுகள் என்று அடுத்தடுத்த இரு நாள்களில் ஒளிபரப்புவது நெடுநாள் வழக்கம். ஆகவே கதையும் இரண்டிரண்டு எபிசோடுகளாகவே மூச்சுவிடும்: முதல் நாள் எபிசோடு ஒரு முடிச்சைப் போட்டு நிறுத்தும், மறுநாள் எபிசோடு அதை ஓரளவு அவிழ்த்து அனுப்பும். நீங்களும் ஒரே இரவில் ஆறு எபிசோடுகள் பார்ப்பதைவிட, வார இறுதியில் இரண்டு அல்லது நான்கு என்று பார்த்தால் தொடர் எழுதப்பட்ட தாளத்திலேயே அது உங்களிடம் வந்துசேரும்.

கொரியாவிலும் நூறு எபிசோடுகளைத் தாண்டும் தினசரித் தொடர்கள் உண்டு. புதியவர்கள் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். இன்னொரு சிறு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சில தொடர்களின் விவரத்தில் முப்பத்திரண்டு எபிசோடுகள் என்று போட்டிருக்கும். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும். அது இரண்டு மடங்கு நீளமான தொடர் அன்று. கொரியாவின் தரைவழி ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போட 2021 வரை அனுமதி இல்லாதிருந்தது. அதனால் 2017 வாக்கில் ஓர் எபிசோடை இரண்டாக வெட்டி, இரண்டு எபிசோடுகள் என்று கணக்குக் காட்டி, இடையில் விளம்பரம் போட்டார்கள். பதினாறுதான் முப்பத்திரண்டாகத் தெரிகிறது; பயந்து விலக வேண்டியதில்லை.

இரண்டாம் படி: ஒலியைக் கொரியத்தில் வையுங்கள்

தமிழ் டப்பிங் புதிதாக வந்த வசதி அன்று. 2013-இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் குரல்மாற்றி ஒளிபரப்பியது. அன்று பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பலருக்கு அதுதான் முதல் அறிமுகம். இன்று ஓடிடி தளங்களிலும் சில தொடர்களுக்குத் தமிழ் ஒலி கிடைக்கிறது. அதைத் தாழ்வாகப் பேச எனக்கு விருப்பமில்லை. கண்பார்வை மங்கிய பெரியவர்களுக்கும், சப்டைட்டில் படிக்க முடியாதவர்களுக்கும் அது பேருதவி. ஆயினும் உங்களால் ஆங்கிலச் சப்டைட்டிலைப் படிக்க முடியுமானால், தளத்தின் ஒலி அமைப்பில் ‘கொரியன்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். கணக்கு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியின் டப்பிங்கைத் தானாகவே ஓடவிடும் தளங்களும் உண்டு; முதல் காட்சியில் வாயசைவும் குரலும் பொருந்தவில்லை என்றால் உடனே நிறுத்தி ஒலியை மாற்றுங்கள்.

சந்தா கட்டுவதற்கு முன் நீங்கள் பார்க்க விரும்பும் தொடர் அந்தத் தளத்தில் இன்றும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தளத்தில் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டு ஒரு தொடரின் பதினோராவது எபிசோடுவரை வந்தபோது, உரிமம் முடிந்து அத்தொடர் அங்கிருந்து எடுக்கப்பட்டதைக் கண்டு நான் பட்ட ஆதங்கம் உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: பத்துச் சொற்களைக் காதில் ஏற்றுங்கள்

இந்தப் படியில் சற்று நிதானமாக நிற்க வேண்டும்.

கொரிய மொழியில் அப்பா என்றால் அப்பா. அம்மாவை ‘ஒம்மா’ என்கிறார்கள். இது போன்ற ஒலி ஒற்றுமைகள் நெடுங்காலமாகவே கவனிக்கப்பட்டு வருகின்றன. கொரியாவில் பணியாற்றிய ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இலேயே ஒரு நூல் எழுதினார். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. தொடர் பார்க்கும் நமக்கு அந்த விவாதம் தேவையும் இல்லை. நமக்குத் தேவையானது வேறு: பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்குகின்ற பழக்கம் நமக்கும் அவர்களுக்கும் பொது.

ஆண் ஒருவன் தன் அண்ணனை ‘ஹியோங்’ என்றும் அக்காவை ‘நூனா’ என்றும் கூப்பிடுவான். பெண் ஒருத்தி தன் அண்ணனை ‘ஒப்பா’ என்றும் அக்காவை ‘ஒன்னி’ என்றும் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவர்களோடு இது நின்றுவிடுவதில்லை. நாம் பேருந்தில் முன்பின் தெரியாதவரை ‘அண்ணே’ என்பது போல, தம்மைவிட மூத்த நண்பர்களையும் அவர்கள் இப்படியே அழைப்பார்கள். இதில் ‘ஒப்பா’ மட்டும் தமிழர்களைத் திகைக்க வைக்கும், ஏனென்றால் காதலனையும் அதே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். அந்த இடத்தில் ‘அண்ணா’ என்று மனத்துக்குள் மொழிபெயர்த்தால் காட்சியே கெட்டுவிடும்; ‘அத்தான்’ அல்லது ‘மாமா’ என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாகப் பொருந்தும். அதுவரை ‘ஷி’ என்ற மரியாதை ஒட்டோடு பெயரைச் சொல்லி அழைத்துவந்த ஒரு பெண் முதன்முறையாக ‘ஒப்பா’ என்று சொல்லும் காட்சிக்காகவே சில தொடர்கள் எட்டு எபிசோடுகள் காத்திருக்கும். ஆங்கிலச் சப்டைட்டிலில் அந்த இடத்தில் வெறுமனே அவன் பெயர்தான் இருக்கும். படித்தவருக்கு ஒன்றும் நடந்திருக்காது; காதால் கேட்டவருக்கு எல்லாம் நடந்திருக்கும்.

அடுத்தது ‘நீ’யும் ‘நீங்க’ளும். கொரியத்தில் மரியாதைப் பேச்சு ஜோண்டேமால், உரிமைப் பேச்சு பான்மால். இவை முன்னிலைச் சொல்லோடு முடிந்துவிடாமல் வினைமுற்றின் ஈற்றில் தெரியும். ‘யோ’ என்று முடியும் வாக்கியங்களைக் கவனியுங்கள். தமிழில் ‘வாங்க, சொல்லுங்க’ என்பதன் ‘ங்க’ செய்யும் வேலையை அந்த ‘யோ’ செய்கிறது. இருவர் சண்டையிடும்போது திடீரென்று ‘யோ’ காணாமல் போனால் மரியாதை போய்விட்டது என்று பொருள். காதலர் இருவருக்கிடையே அது காணாமல் போனால் நெருக்கம் வந்துவிட்டது என்று பொருள். ‘இனி நாம் நீ, நான் என்று பேசிக்கொள்ளலாமா’ என்று ஒருவர் மற்றவரிடம் அனுமதி கேட்கும் காட்சி ஏறத்தாழ எல்லாக் காதல் தொடர்களிலும் வரும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு இதை விளக்க அரைப் பக்கம் தேவைப்படும், நமக்குத் தேவைப்படாது.

‘உரி’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ‘நம்’, ‘எங்கள்’ என்று பொருள். கொரியர்கள் ‘என் அம்மா’ என்று சொல்வதைவிட ‘உரி ஒம்மா’, அதாவது ‘எங்க அம்மா’ என்பதுதான் இயல்பு. வீடும் ‘எங்க வீடு’தான். வீட்டில் ஒரே பிள்ளையாகப் பிறந்தவரும் ‘எங்க அம்மா’ என்று சொல்வதை விந்தையாகக் கருதாத நமக்கு இதுவும் பழக்கமானதே. அலுவலகங்களில் பதவிப் பெயரோடு ‘நிம்’ சேர்ப்பார்கள்: பிரிவுத் தலைவர் ‘க்வாஜாங்நிம்’, முதலாளி ‘சாஜாங்நிம்’. நம்முடைய ‘சார்’ செய்யும் வேலை அது. தெருவில் முன்பின் தெரியாத நடுவயது ஆள் ‘அஜுஷி’, பெண் ‘அஜுமா’. சந்தித்தவுடன் ‘பாப் மொகொஸ்ஸோ’ என்று கேட்டால் ‘சாப்டாச்சா’ என்று நலம் விசாரிக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பது ஏன் என்பதும் விளங்கிவிடும். வயது தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய முடியாது. வயதுக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு: பழைய கொரியக் கணக்கில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது, பிறகு ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் ஒன்று கூடும். 2023 ஜூனில்தான் சட்டப்படி உலகக் கணக்கு பொது வழக்கானது. அதற்கு முந்தைய தொடர்களில் சொல்லப்படும் வயதிலிருந்து ஒன்றோ இரண்டோ குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ‘ரிப்ளை 1988’-இல் தொடங்குங்கள்

2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரிவரை டிவிஎன் அலைவரிசையில் வந்த தொடர் இது. எழுதியவர் லீ ஊ-ஜொங், இயக்கியவர் ஷின் வொன்-ஹோ. தலைநகர் சியோலின் வடபகுதியில் ஸாங்முன்-தோங் என்ற இடத்தில் ஒரு சந்து. அதில் ஐந்து குடும்பங்கள். ஒலிம்பிக் நடந்த 1988-ஆம் ஆண்டு. கதை என்று தனியாகச் சொல்வதற்கு அதிகம் இல்லை. அக்கம்பக்கத்தார் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டாமல் திறந்து வந்துபோகிறார்கள். பிள்ளைகள் ஒரே அறையில் கூடிப் படம் பார்க்கிறார்கள். அம்மாக்கள் திண்ணையில் கூடிக் காய் நறுக்குகிறார்கள். அந்த அம்மாக்களைப் பெயர் சொல்லி அழைப்பது அரிது. ‘சொன்-ஊ ஒம்மா’, ‘ஜொங்-ஹ்வான் ஒம்மா’ என்று பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் அழைக்கிறார்கள். ‘செந்தில் அம்மா’, ‘ராணி அம்மா’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்து அயலூர் அன்று.

முதல் எபிசோடில் இரண்டு காட்சிகளை மட்டும் சொல்கிறேன். இரவு உணவு நேரம். ஒரு வீட்டில் செய்த பதார்த்தத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லிப் பிள்ளையை அனுப்புகிறார்கள். வாங்கியவர்கள் பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. தங்கள் வீட்டில் செய்ததை வைத்து அனுப்புகிறார்கள். சற்று நேரத்தில் சந்து முழுக்கப் பிள்ளைகள் கையில் தட்டோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறார்கள். ஒரு வீட்டில் வெறும் சோறும் ஒரு கூட்டுமாக இருந்த மேசை, கண்முன்னே விருந்தாக நிறைகிறது.

இரண்டாவது காட்சி நாயகி தொக்சனின் பிறந்தநாள். அவள் நடுப்பிள்ளை, மேலே போரா என்ற அக்கா, கீழே ஒரு தம்பி. அக்காவின் பிறந்தநாளும் அவளுடையதும் சில நாள் இடைவெளியில் வருவதால், ஆண்டுதோறும் அக்காவுக்கு வாங்கிய கேக்கிலேயே இவளுக்கும் மெழுகுவத்தி ஏற்றிவிடுகிறார்கள். பொரித்த முட்டை அக்காவுக்கும் தம்பிக்கும் போகிறது, கோழித்தொடையும் அப்படியே. இந்த ஆண்டு மட்டும் தனிக் கேக் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தும் அதே கதை நடந்தபோது, அவள் அழுதுகொண்டே இத்தனை ஆண்டுக் கணக்கையும் ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்க்கிறாள். பிறகு இரவில் சந்து முனையில் அப்பா ஒரு சிறிய கேக்கோடு அவளுக்காகக் காத்திருக்கிறார். தானும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை என்றும், அப்பாவாக இருப்பது தனக்கும் இதுதான் முதல் முறை என்றும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். என் அம்மா வீட்டில் நடுப்பிள்ளை. அந்தக் காட்சி முடிந்ததும் அவர் எழுந்து போய் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இதன் எபிசோடுகள் நீளமானவை, ஒன்றரை மணி நேரத்தைத் தொடுபவையும் தாண்டுபவையும் பல. ஆகவே ஓர் இரவுக்கு ஒன்று போதும். இரண்டாவது, தொக்சன் யாரை மணந்துகொண்டாள் என்ற புதிரைத் தொடர் கடைசிவரை இழுத்துச் செல்கிறது. தொடர் முடியும்வரை அதன் பெயரை இணையத்தில் தேடாதீர்கள், முதல் வரியிலேயே விடை வந்து விழும். அந்தப் புதிர் இந்தத் தொடரின் பலம் அன்று என்பது என் கருத்து, சந்துதான் பலம்.

குடும்பக் கதையில் நாட்டமில்லாதவர்கள் வேறு வாசல் வழியாக வரலாம். துப்பறியும் கதை பிடித்தவர்கள் ‘சிக்னல்’ (2016, 16 எபிசோடுகள்) பாருங்கள். கிம் உன்-ஹீ எழுதிய இதில், இன்றைய காவலர் ஒருவரும் பல ஆண்டுகளுக்கு முந்தைய காவலர் ஒருவரும் பழைய வாக்கிடாக்கி ஒன்றின் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். இதில் வரும் வழக்குகளில் ஒன்று 1986 முதல் 1991 வரை ஹ்வாசொங் பகுதியில் நடந்த தொடர்கொலைகளைத் தழுவியது. தொடர் வந்தபோது அந்த உண்மை வழக்கில் கொலையாளி யார் என்று தெரியாது. 2019-இல்தான் மரபணுச் சோதனை மூலம், வேறொரு கொலைக்காகச் சிறையில் இருந்த ஒருவர் என்று கண்டறியப்பட்டது. காதல் கதை வேண்டுவோருக்கு ‘க்ராஷ் லேண்டிங் ஆன் யூ’ (2019–20, 16 எபிசோடுகள்): பாராகிளைடிங் போன தென்கொரியப் பெண் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு எல்லை தாண்டி வடகொரியாவில் விழுகிறாள். எழுத்தாளர் குழுவில் வடகொரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவர் இருந்ததால், அங்கே காட்டப்படும் கிராமத்துப் பெண்களின் பேச்சும் அடுப்படியும் சந்தையும் மிகுந்த கவனத்தோடு அமைந்திருக்கின்றன.

‘ஸ்க்விட் கேம்’ (2021) பற்றியும் கேட்பீர்கள். முதல் சீசனில் ஒன்பதே எபிசோடுகள், விறுவிறுப்பு, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனாலும் முதல் தொடராக அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வன்முறை மிகுந்தது என்பது ஒரு காரணம். இந்த வடிவத்தின் நிதானத்தை அது பழக்காது என்பது அடுத்தது. மூன்றாம் படியில் சொன்ன சொற்கள் காதில் ஏறிய பிறகு அதற்குப் போங்கள். அலி என்ற பாகிஸ்தான் தொழிலாளி ஒருவரைத் தொடக்கத்தில் ‘சாஜாங்நிம்’ என்று கூப்பிட்டு, பிறகு அந்த மனிதரே சொன்னதால் ‘ஹியோங்’ என்று கூப்பிடத் தொடங்குகிறார். முதலாளி அண்ணன் ஆகிறார். அதைக் கேட்டவருக்கு ஆறாவது எபிசோடு வேறு எடையோடு வந்து விழும்.

ஐந்தாம் படி: அடுத்த இரண்டு

இரண்டாவது தொடராக ‘மிசெங்’ (2014, 20 எபிசோடுகள்) பாருங்கள். யூன் தே-ஹோ வரைந்த இணையச் சித்திரக்கதையிலிருந்து எடுக்கப்பட்டது. சிறுவயது முதல் ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் அறியாமல் வளர்ந்து, அதில் தொழில்முறை ஆட்டக்காரனாகத் தேற முடியாமல் போன ஜாங் கு-ரே என்ற இளைஞன், பெரிய வணிக நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளாக நுழைகிறான். பட்டம் இல்லை, அயல்மொழி தெரியாது, நகல் எடுக்கும் இயந்திரத்தைக் கையாளத் தெரியாது. கோ ஆட்டத்தில் காய்களின் கூட்டம் ஒன்று இன்னும் உயிர் உறுதியாகாத நிலையை ‘மிசெங்’ என்பார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து, மதிய உணவுக்கு யாரோடு போவது என்று தெரியாமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்த நாள்கள் உங்களுக்கு இருந்திருந்தால் இந்தத் தலைப்பு உடனே புரியும்.

அதன் தொடக்க எபிசோடுகளில் ஒரு காட்சி. பக்கத்துப் பிரிவின் தவறுக்காகக் கு-ரே திட்டு வாங்கியிருக்கிறான். அவனை அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத பிரிவுத் தலைவர் ஓ, குடித்துவிட்டு வரும் வழியில் அந்தப் பக்கத்துப் பிரிவின் ஆளைப் பார்த்து, உங்கள் பையனால் எங்கள் பையன் திட்டு வாங்கினான் என்று சண்டைக்குப் போகிறார். அவர் சொன்னது ‘உரி ஏ’. ‘எங்க பையன்’, ‘நம்ம பிள்ளை’. கு-ரே அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறான். அலுவலகத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒருவனை இரண்டே சொற்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்தக் காட்சிக்காகவே ‘உரி’யைப் பத்துச் சொற்களில் ஒன்றாகச் சேர்த்தேன்.

மூன்றாவதாக ‘மை மிஸ்டர்’ (2018, 16 எபிசோடுகள்). இதை முதல் தொடராகத் தொடங்கிக் கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நான்கு எபிசோடுகள் இருட்டும் குளிரும் பேச்சின்மையுமாக இருக்கும். கடன் கொடுத்தவன் ஒருவன் ஒரு பெண்ணை அடிக்கும் காட்சி மனத்தைப் புண்படுத்தும். கொரியத் தொடர்களின் நிதானம் பழகியபின் வாருங்கள். கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் நடுவயதுப் பொறியாளர் தோங்-ஹுன். காது கேளாத பாட்டியைத் தனியாகப் பராமரிக்கும் இருபத்தொரு வயதுத் தற்காலிக ஊழியர் ஜி-ஆன். மறைந்த நடிகர் லீ சன்-க்யூனும், பாடகியுமான ஐ.யூவும் நடித்தார்கள். வயது இடைவெளியைப் பார்த்துவிட்டு இது காதல் கதையோ என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: காதல் கதை அன்று, களைத்துப்போன இரண்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் தூக்கி நிறுத்தும் கதை. கொரியத் தலைப்பில் உள்ள சொல் ‘அஜுஷி’. தெருவில் போகும் எந்த நடுவயது ஆளையும் கூப்பிடும் அந்தப் பொதுச்சொல்லோடு ‘என்னுடைய’ என்பதைச் சேர்த்ததில்தான் தலைப்பின் முழு வலியும் இருக்கிறது. ஆங்கில ‘மிஸ்டர்’ அதைச் சுமக்கவில்லை. முதியவரால் நடக்க முடியாதென்று கடையின் தள்ளுவண்டியில் பாட்டியை உட்கார வைத்து, நிலாவைக் காட்டுவதற்காக அந்தப் பெண் மேட்டுத் தெருவில் தள்ளிக்கொண்டு போகும் காட்சிவரை பொறுத்துக்கொண்டால், பிறகு நீங்களே விடமாட்டீர்கள்.

ஆறாம் படி: இடறும் சிறு கற்கள்

திரையில் கத்தியும் புகையும் சிகரெட்டும் மங்கலாகத் தெரிந்தால் உங்கள் இணையத்தில் கோளாறு இல்லை. கொரியத் தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் அவற்றை மறைப்பது வழக்கம். தொடரின் மாந்தர் அனைவரும் காரணமின்றி ஒரே கடையில் ரொட்டி தின்றால் அது விளம்பரம்; 2010 முதல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. தரையிலிருந்து பாதி கீழே இறங்கும் வீட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்தால், வாடகை குறைவு என்று பொருள். தொக்சன் குடும்பம் அப்படிப்பட்ட வீட்டில் இருப்பதற்குக் காரணம், அவள் அப்பா நண்பருக்குக் கடன் ஜாமீன் போட்டு ஏமாந்தது.

கடைசி நான்கு எபிசோடுகளில் சில தொடர்கள் தள்ளாடும். ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதி, படம்பிடித்து, அனுப்புவது பழைய தொடர்களில் சாதாரணம். எழுத்தாளரும் நடிகர்களும் தூக்கமின்றி உழைத்த அந்தக் கடைசி வாரங்களின் களைப்பு திரையில் தெரியும். முழுவதும் படம்பிடித்த பிறகே ஒளிபரப்பும் முறை அண்மை ஆண்டுகளில் பெருகியிருப்பதால் இந்தக் குறை குறைந்து வருகிறது. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் அடுத்ததன் முன்னோட்டம் வரும். பாதிக் கதையை அதிலேயே சொல்லிவிடுவார்கள், பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

ஏழாம் படி: நடிகரை விட்டு, எழுதியவரையும் இயக்கியவரையும் பின்தொடருங்கள்

பிடித்த நடிகர் வேறென்ன நடித்தார் என்று தேடிப் போவதுதான் எல்லோரும் செய்வது. பல நேரம் அது ஏமாற்றத்தில் முடியும். கொரியாவில் தொடரின் உண்மையான உரிமையாளர் எழுத்தாளர்தான் என்று சொல்லும் அளவுக்கு அவருக்கு மதிப்பு உண்டு. ‘மை மிஸ்டர்’ பிடித்திருந்தால் அதை எழுதிய பார்க் ஹே-யங்கின் ‘மை லிபரேஷன் நோட்ஸ்’ (2022) பாருங்கள். ‘சிக்னல்’ பிடித்திருந்தால் கிம் உன்-ஹீ எழுதிய ‘கிங்டம்’ (2019) இருக்கிறது. ஜோசன் அரசர் காலத்தில் பிணங்கள் எழுந்து நடக்கும் கதை, சீசனுக்கு ஆறே எபிசோடுகள். ‘ரிப்ளை 1988’-ஐ உருவாக்கிய இருவரின் ‘ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்’ (2020) ஐந்து மருத்துவ நண்பர்களின் கதை. யாரும் யாருக்கும் சதி செய்யாத தொடர் வேண்டும் என்று தேடுவோருக்கு அதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை.

இயக்குநர்களில் ஒரு பெயரை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: கிம் வொன்-சொக். ‘மிசெங்’, ‘சிக்னல்’, ‘மை மிஸ்டர்’ மூன்றையும் இயக்கியவர் அவரே. அவர் இயக்கி, லிம் சாங்-சுன் எழுதி 2025 மார்ச்சில் வாரத்துக்கு நான்கு எபிசோடுகளாக வெளிவந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரீன்ஸ்’ (16 எபிசோடுகள்) ஜெஜு தீவில் நடப்பது. மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சங்கும் சிப்பியும் எடுக்கும் ‘ஹென்யோ’ பெண்களில் ஒருத்திக்கு மகளாகப் பிறந்த ஏ-சுன் என்ற பெண்ணின் முழு வாழ்க்கையும் அதில் வருகிறது. சிறுமி ஏ-சுன் எழுதும் ஒரு கவிதையில், தன் அம்மாவைக் கடலிலேயே பிடித்துவைத்திருக்கும் சிப்பியின் மேல் அவளுக்குக் கோபம். கொரியத் தலைப்பு ஜெஜு வட்டாரப் பேச்சில் உள்ளது. ‘ரொம்பப் பாடுபட்டுவிட்டீர்கள்’ என்று மனமுருகிச் சொல்வது போன்ற பொருள். இதைத் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் அம்மாவோ பாட்டியோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். சப்டைட்டிலை நீங்கள் வாசித்துச் சொன்னால் போதும், மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

அரசர் காலக் கதைகளைக் கடைசியாக வையுங்கள். அவற்றில் பேச்சு வழக்கே வேறு. அரண்மனையில் யார் யாருக்கு எந்த அடைமொழி சொல்ல வேண்டும் என்பதிலேயே அரசியல் நடக்கும். அந்த வகையில் தொடங்க ‘டே ஜாங் கும்’ (2003–04) ஏற்றது: 54 எபிசோடுகள், அரண்மனைச் சமையற்கட்டில் சேர்ந்த பெண் மன்னர் ஜுங்ஜோங்கின் மருத்துவராக உயர்வது. அப்படி ஒரு பெண் மருத்துவர் இருந்ததை ஜோசன் அரச ஆவணங்கள் குறிப்பிடுகின்றன. என் அம்மா இப்போது அதில் முப்பதாவது எபிசோடில் இருக்கிறார். சமையற்கட்டுக் காட்சிகளில் சப்டைட்டில் வாசிக்க என்னை விடுவதில்லை. சட்டியில் என்ன கொதிக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்கிறாராம்.